சபூராவின் பெயரில் என் ரத்தம்

என் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, இன்னொருத்தியின் பெயரைப் போட்டு அனுப்பியவள் நான். அவளுக்கு மலேரியா இல்லை என்று பதில் வந்தது. எப்படி இருக்கும்? அது அவள் ரத்தமே இல்லையே! இருபத்திரண்டு நாள் கழித்து அவள் வயிற்றில் இருந்த ஐந்து மாதக் குழந்தை போய்விட்டது.

இதுதான் நான் செய்தது.

முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு போனால், நடுவில் எங்கேயாவது உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். அது வந்த பிறகு எனக்கு வாய் எழாது. இத்தனை நாளும் அப்படித்தான் எழாமல் போயிற்று...

என் பெயர் தேவகி. மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கணவர் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறார். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். நான் சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்பு மஸ்தூர். தினக்கூலிதான். கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை. வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றிலும் வெளிச்சம் அடித்துக் கொசுப்புழு தேடுவேன். ஊரில் என்னைக் 'கொசுக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வா வா கொசுக்காரம்மா! எங்கூட்டுக் கொசுவுக்கெல்லாம் பேரு வெச்சாச்சு. வந்து ரேஷன் கார்டுல சேத்துக்கினு போ" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன். சிரித்த பிறகு தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வருவேன்... உண்மையிலேயே கோபமாகச் சொன்னார்களோ? மேலே யாரிடமாவது புகார் செய்வார்களோ?

நான் அப்படிப்பட்டவள். அடுப்பை மூடிவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து மறுபடி திருகிப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்தும் நம்பிக்கை வராது. என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்: "ஏண்டி, கவலப்படுறதுக்குன்னு கவர்மெண்டு ஒனக்குத் தனியா சம்பளம் குடுக்குதா?"

பயந்தவர்கள் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை! பயந்துதான் செய்தேன். தைரியசாலியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன்.

எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் உப்பளத்தைப் பார்த்ததும், "இவ்வளவு தண்ணி தேங்கியிருக்குதே, கொசு எல்லாம் இதுலதான் பொறக்குதா?" என்று கேட்பார்கள். உப்பு ஏறிய பாத்தியில் கொசு பிறக்காது. மழை பெய்து உப்புக் குறைந்த வாய்க்கால் ஓரங்களில் ஒரு வகை பிறக்கும். ஆனால் நான் பயப்படுவது நல்ல தண்ணீரைப் பார்த்துத்தான். எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் லாரியில் வரும். வந்ததைச் சிமெண்ட் தொட்டியிலும் நீல டிரம்மிலும் பிடித்து நாள்கணக்கில் வைத்துக் குடிப்போம். மலேரியாக் கொசு அந்தத் தெளிந்த தண்ணீரைத் தேடி வந்து முட்டையிடும்.

அதன் புழு மற்றப் புழுக்களைப் போலத் தலைகீழாகத் தொங்காது. தண்ணீரின் மேலேயே, ஒடித்துப் போட்ட துடைப்பக்குச்சித் துணுக்கு மாதிரி படுத்துக் கிடக்கும். கொசுவாகிச் சுவரில் உட்கார்ந்தாலும் தனி அடையாளம்... தலையைக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பகலெல்லாம் இருட்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல்தான் கிளம்பும்.

பயிற்சியில் எவ்வளவோ சொன்னார்கள். ஒன்றுதான் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. கொசு பிறக்கும்போது நோயோடு பிறப்பதில்லை. நோயுள்ள மனிதனைக் கடித்த பிறகுதான் அதற்கு நோய் வருகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் அதன் உடம்புக்குள் ஊறி, பிறகு அது கடிக்கிற அடுத்த மனிதனுக்கு இறங்குகிறது. அதனால் நோயுள்ளவரை முந்திக்கொண்டு கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவிட்டால், கொசு எத்தனை இருந்தாலும் மலேரியா பரவாது.

அந்த முந்திக்கொள்கிற வேலைதான் எனக்குக் கொடுத்த வேலை!

யார் காய்ச்சல் என்று சொன்னாலும் இடது கை மோதிர விரலைப் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரே கண்ணாடி ஸ்லைடில் கெட்டியாக ஒரு பொட்டும் மெல்லியதாக ஒரு பூச்சும் வைக்க வேண்டும். காயவைத்து எண் போட்டு, நோட்டில் பெயர், வயது, ஊர் எழுதி லேபுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கர்ப்பிணிப் பெண், நான் விரலில் குத்தியதும் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். அவள் மாமியார் தெருவைக் கூட்டிவிட்டார். "எம்மருமவளுக்கு எதுனா ஆச்சின்னு வையி, ஒன்ன இந்தத் தெருவுல கால் வெக்க உடமாட்டேன்!" சோடா குடித்ததும் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்... ஆகியிருந்தால்... என்று அதே நினைப்பு.

அந்த வாரமே வேறொரு வீட்டில் ஒரு பெண்குழந்தை ஊசியைப் பார்த்து அலறியது. "சரி, உடுங்க" என்று வந்துவிட்டேன். ஆனால் நோட்டில் அதன் பெயரை எழுதியாகிவிட்டது. எழுதிய பெயருக்கு ஸ்லைடு எங்கே என்று கேட்பார்களே! ஒரு பூட்டிய உப்புக் கிடங்கின் பின்னால் நின்று, என் விரலையே குத்திக்கொண்டேன். குழந்தைக்கு மலேரியா இல்லை என்று வந்தது. குழந்தையும் இரண்டு நாளில் விளையாடப் போய்விட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது!

அதன் பிறகு மறுக்கிறவர்கள், சண்டைக்கு வருகிறவர்கள், எனக்குப் பயம் தருகிறவர்கள்... இவர்கள் எல்லாருக்கும் என் விரலே போதும் என்றாகிவிட்டது. எங்கள் பக்கம் மலேரியாவே இல்லையே, எல்லாம் 'இல்லை' என்றுதானே வருகிறது, யார் ரத்தமாக இருந்தால் என்ன? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு வடநாட்டு ஆட்கள் வந்தார்கள். உப்பளத்து ஓரம் தகரக் கொட்டகை போட்டார்கள். சில வாரம் இங்கே இருப்பார்கள். பிறகு பாதிப் பேர் புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கொட்டகைக்குப் போவார்கள். திரும்பி வருவார்கள். ரத்தம் எடுக்கப் போனால் மேஸ்திரி கையை விரிப்பார். "அந்தப் பக்கமே எல்லாருக்கும் எடுத்துட்டாங்கம்மா. எத்தினி தடவதான் குத்துவீங்க?" அந்தப் பக்கம் போய், 'இந்தப் பக்கம் எடுத்துட்டாங்க' என்று சொல்லியிருப்பாரோ என்னவோ! நடுவில் ஒரு எல்லைக்கோடு. மனிதர்களை இரண்டு நோட்டுக்கும் நடுவில் விழவைக்க அது போதும். கொசுவுக்கு அந்தக் கோடு தெரியுமா என்ன?

சபூரா எங்களுக்கு அடுத்த தெரு. முப்பது வயது இருக்கும். கணவர் காதர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவள். தினமும் மாலையில் இடியாப்பம் அவித்துக் கூடையில் வைத்து அந்தக் கொட்டகைக்கு எடுத்துப் போவாள். தெரிந்த பத்து இந்திச் சொல்லை வைத்துக்கொண்டு முப்பது ஆண்களை வரிசையில் நிற்கவைத்து அதட்டுவாள். விளக்கு வைக்கும் நேரம் தாண்டி, அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து விற்றுவிட்டு வருவாள்.

அந்தத் தொட்டியில் படுத்த புழுவை நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஊற்றினேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் அதற்கு முன்பே பறந்துபோனவை எத்தனையோ...

பங்குனி மாதம். ஒரு காலையில் சபூரா வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள்.

"என்னா சபூரா, உடம்பு சுடுது?"

"நேத்து சாயங்காலம் குளுரு தூக்கிப் போட்டுச்சிக்கா. இந்த வெயில்ல ரெண்டு போர்வ போத்தியும் பல்லு கடகடங்குது. இப்ப தேவல."

குளிர்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து ஊசியை எடுத்தேன்.

"ஒரே ஒரு பொட்டு எடுத்துக்கிறேன்."

"ஐய, வேணாங்க்கா! ரத்தம் கம்மியா இருக்குதுன்னு நர்சம்மா ஏற்கனவே திட்டுது. இருக்குறதையும் நீங்க கொசு மாரி உறிஞ்சிக்கினு போயிட்டா புள்ளைக்கு என்னா மிஞ்சும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைப் பாதி நீட்டினாள். ஆம்... நீட்டினாள்! இன்னொரு முறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். இதை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. அவள் மறுத்தாள் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மறுக்கவில்லை. விளையாடினாள்.

எனக்கோ அந்த மயங்கிச் சாய்ந்த பெண்தான் கண்முன் வந்தாள். ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. இவளும் மயங்கி விழுந்தால்? அடிவயிற்றில் பட்டுவிட்டால்? ஊர் என்னைச் சும்மா விடுமா?

"சரி உடு, பாத்துக்கலாம்" என்று ஊசியைப் பையில் போட்டேன்.

கிடங்கின் பின்னால் போனேன். அன்றைக்கு மூன்று ஸ்லைடு. ஒன்று சபூராவுக்கு. மற்ற இரண்டும் கொட்டகையில் காய்ச்சல் என்று மேஸ்திரி பெயர் சொன்ன இரண்டு ஆட்களுக்கு. நான் போனபோது அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றுக்கும் என் ஒரே விரல். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேன். வலிக்கக்கூட இல்லை. பழகிய விரல்!

மறுநாள் லேப் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நரைத்த மனிதர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி இருப்பார். ஆளைப் பார்த்துப் பேசவே மாட்டார்.

"ஏம்மா தேவகி, நேத்து நீ அனுப்புனதுல மூணு பேருக்கு ரத்தம் சுத்தமா வெளுத்துக் கெடக்குது. கீரை துன்னச் சொல்லும்மா அவுங்கள."

"சொல்றேங்கண்ணா" என்றேன்.

"மலேரியா ஒண்ணும் இல்ல. மூணும் நெகட்டிவ்."

முடிவை எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுபோய்ச் சபூராவிடம் கொடுத்தேன்.

"என்னாக்கா இது? ரத்தமே எடுக்கலியே நீங்க?" என்று அவள் கேட்கவில்லையா என்றுதானே யோசிக்கிறீர்கள்? கேட்டாள்! அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். "நேத்து நீ அசந்து தூங்கிட்ட. திரும்பி வந்து எடுத்தேன். எறும்பு கடிச்ச மாரிதான் இருந்திருக்கும்" என்றேன். காய்ச்சலில் கிடந்தவள். நம்பிவிட்டாள். "நீங்க நல்ல ஆளுக்கா, வலிக்கவே இல்ல பாருங்க" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டை மடித்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எடுக்காமலே விட்டிருந்தாலும் இவ்வளவு கெடுதல் வந்திருக்காது. வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எடுத்தாயிற்று, இல்லை என்றும் வந்தாயிற்று என்ற அந்தச் சீட்டுதான் மற்ற எல்லாரையும் தேடவிடாமல் தடுத்துவிட்டது...

காய்ச்சல் மறுபடி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள். மதியத்துக்கு மேல் குளிரும். பிறகு அனலாகக் கொதிக்கும். பிறகு வியர்த்து, புடவையே நனைந்து, அசந்து தூங்குவாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து மாவு பிசைவாள். "பாத்தீங்களாக்கா, போயிடுச்சி" என்பாள். அடுத்த நாள் மதியம் மறுபடி குளிர். இதைப் பயிற்சியில் படமாகவே போட்டுக் காட்டியிருந்தார்கள் எனக்கு!

ஒன்பதாம் நாள் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனாள். துணைக்கு யார் போனது தெரியுமா? நான்தான். அவள் அம்மா பெரிய முதலியார்சாவடியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. "நீங்க வாங்கக்கா, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள்.

டாக்டரம்மா நன்றாகத்தான் கேட்டார். "குளிரோட வருதா? மலேரியா டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மேடம். இல்லன்னு வந்துடுச்சி" என்று சபூரா அட்டைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். "இந்தக்காதான் எடுத்தாங்க."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சல் இருக்கறப்பவே எடுத்தீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"சரியா எடுத்ததுதானே?"

நினைத்துப் பாருங்கள். ஒரு முறை வாய் திறந்தால் போதும். 'இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடலாம் மேடம்' என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். என் குற்றத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை! ஆனால் எனக்கு என்ன ஓடியது? ஏன் இன்னொரு தடவை என்று கேட்பாரே... கேட்டால் நான் திணறுவேனே... சபூரா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே...

"சரியாத்தாங்க மேடம் எடுத்தேன்."

"அப்போ யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கும். டைபாய்டும் பாத்துடலாம்" என்று எழுதினார்.

வெளியே வந்ததும் சபூரா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "மலேரியா இல்லன்னு ஒங்களால தெரிஞ்சிது. இல்லன்னா இதுக்கு வேற தனியா அலையணும்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, போனால் உட்கார முடியவில்லை. இளநீர் வாங்கிப் போவேன். நெற்றியில் ஈரத்துணி போடுவேன். வழி நெடுக, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முணுமுணுப்பு நின்றுபோகும்.

என் கணவருக்கே ஆச்சரியம். "அவ என்னா ஒன் கூடப் பொறந்தவளா? வீட்டையே மறந்துட்டு அலையுற. ரெண்டு நாளா கேஸைக்கூடத் திருகிப் பாக்கல நீ!"

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "உப்புப் போட்டுக்குங்க, கொழம்புல கம்மியா இருக்கும்" என்றுதான் வந்தது.

பதினெட்டாம் நாள் காலை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"தேவகி, ரோடு வேலைக்கு வந்தவங்கள்ல ஒரு ஆளுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் மலேரியா பாசிட்டிவ். நம்ம பக்கம் இருந்துட்டுப் போனவராம். நோட்டப் பாத்தேன், நீ எடுத்து நெகட்டிவ் வந்த ஆளுதான் அவரு. என்னான்னே புரியல. எதுக்கும் அந்தக் கொட்டகையில காய்ச்சல்னு இருந்தவங்க, அங்க போய் வர்றவங்க, எல்லாருக்கும் மறுபடி ஒரு தடவ எடுத்துடு."

அந்த இரண்டு பேரில் ஒருவர்! எல்லை தாண்டிப் போகும் வரை எங்கள் பக்கத்துக் கொட்டகையில் மாலையானால் கொசுக்கடியில் படுத்திருந்தவர். அந்தத் தகரச் சுவரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு, நான் என் விரலால் அவரை விட்டுக்கொடுத்திருந்தேன்.

அந்த நிமிடம் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ சபூரா என்று தோன்றவில்லை. 'அப்பாடா... சபூராவுக்கு மறுபடி எடுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது!' என்றுதான் தோன்றியது. என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் இந்த ஒன்றில் இருக்கிறது.

ஓடினேன். சபூராவுக்கு விளையாடத் தெம்பில்லை. விரலைத் தரையில் நீட்டி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குத்தினேன். அவள் மயங்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. இவ்வளவுதான்... இதற்காகவா நான் பயந்தேன்?

மதியத்துக்குள் லேப் அண்ணன் பார்த்துச் சொன்னார். "பாசிட்டிவ். நல்லாவே இருக்குது." அன்று மாலையே மாத்திரை ஆரம்பித்தார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை.

காய்ச்சலால்தான் போயிற்றா என்று யாரும் எழுதித் தரவில்லை. "இருக்கலாம்" என்றார்கள். அந்த 'இருக்கலாம்' எனக்கு ஒரு ஆயுளுக்குப் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. என்னைப் புகழ்ந்தார்கள்!

சபூராவின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ மறுபடி வந்து எடுக்கலன்னா எம்பொண்ணையும் சேத்து வாரிக் குடுத்திருப்பேம்மா." காதர் சவுதியிலிருந்து போனில் முகத்தைக் காட்டி அழுதார். "அல்லா ஒங்கள நல்லா வெப்பான்க்கா." மாதக் கூட்டத்தில் சூப்பர்வைசர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "ஒரு தடவ நெகட்டிவ்னு உடாம, ஓடிப்போய் எடுத்துச்சி பாருங்க, அதான் வேல." எல்லாரும் கை தட்டினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். தரையைப் பார்த்தேன். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்!

அப்படியென்றால் தப்பு யாருடையது? முதல் ஸ்லைடில் கிருமி இருந்தும் பார்க்காமல் விட்டது யார்? எல்லாரும் திரும்பிப் பார்த்தது லேப் அண்ணனை. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அவர் அந்தப் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எத்தினியோ வருஷமா இந்த வேல பாக்குறேம்மா. அந்த ஸ்லைடுல ஒண்ணுமே இல்ல. இப்பப் பாத்தாலும் இல்ல. என் கண்ணுதான் போயிருக்கணும்."

விடுப்புப் போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதாம்" என்றார். "அதாம்மா பயமா இருக்குது."

இப்போது அவர் ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு முறை பார்க்கிறார். முடித்த பிறகும் மூடி வைத்ததைத் திறந்து மறுபடி பார்க்கிறார். என் நோய் அவருக்குத் தொற்றிவிட்டது. கொசு இல்லாமலே!

அதன் பிறகு நான் ஒரு ஸ்லைடுகூடப் பொய்யாகத் தடவியதில்லை. திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு குத்துவதற்குப் பயந்தேன், இப்போது குத்தாமல் இருப்பதற்குப் பயப்படுகிறேன். அவ்வளவுதான். சபூரா வீடு திரும்பியதும் கொடுத்த பதினான்கு நாள் மாத்திரையை, தினமும் போய் என் கண்முன்னால் விழுங்கவைத்தேன். நோய் உடம்பில் ஒளிந்திருந்து திரும்பி வராமல் இருப்பதற்கான மாத்திரை அது. "வேற யாரு இப்புடிப் பாத்துப்பாங்க?" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும். பெண்கள் படிக்கிறார்கள். சபூரா இப்போதுதான் தேறி வருகிறாள், மறுபடி உடைந்துபோவாள். காரணம் எல்லாம் உண்மைதான். எல்லாமே எனக்கு இவ்வளவு வசதியாக அமைந்திருப்பதால்தான் அவற்றில் ஒன்றையும் என்னால் நம்ப முடியவில்லை. லேப் அண்ணனுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேசையில் வைக்கலாமே என்று யோசித்தேன். 'உங்கள் கண் நன்றாக இருக்கிறது' என்று... எழுதினேன். கிழித்துவிட்டேன். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

போன வாரம் நான் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் சபூரா. காதர் வந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. என் காதருகே குனிந்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குதுக்கா. எங்கம்மாக்குக்கூட இன்னும் சொல்லல. மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்றேன்."

நான் நோட்டில் அவள் பெயரை எழுதினேன்.

"நேத்து லேசா உடம்பு கதகதன்னு இருந்துச்சி. குளுரெல்லாம் இல்ல. இருந்தாலும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று விரலை நீட்டினாள். முழுதாக நீட்டினாள். "நீங்க எடுத்தாதான் எனக்கு நம்பிக்க."

துடைத்தேன். குத்தினேன். தடவினேன். எண்ணைப் போட்டு இரண்டு முறை படித்தேன். பெயரை மூன்று முறை சரிபார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பொறந்தா ஒங்க பேர வெக்கணும்னு ஆசக்கா. எங்காளுங்க ஒத்துக்க மாட்டாங்க. பரவால்ல... பள்ளிவாசல்ல ஒரு பேரு இருக்கட்டும், வீட்டுக்குள்ள நான் தேவகின்னுதான் கூப்புடுவேன்."

இதோ, இப்போது! என்று எனக்குள் ஏதோ கத்தியது.

"வேணாம் சபூரா" என்றேன்.

"ஏன்க்கா?"

அவள் பதிலுக்குக் காத்து நின்றாள். விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, சிரிப்பு மாறாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பவள் போல நின்றாள்.

நான் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தேன்.

"அடுத்தவங்க வாங்க" என்றேன்.